கையில் பத்திரம் இல்லாத ஆட்டக்காரன்
உதைபந்தாட்ட ஒப்பந்தப் பிணக்குகளும் நமது வியாபாரிகளும்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 பாதையில் சிறிது தூரம் சென்றால் அலுவிகாரை வந்துவிடும். பாதையின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகும் கராம்பும் கொக்கோவும் கைமாறும் பிரதேசம் இது. இங்கே கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி முகத்தைப் பார்த்தும் வாயால் சொன்ன சொல்லை நம்பியுமே நடக்கின்றது. "அடுத்த கிழமை காசு வரும் முதலாளி" என்றால் அதுவே பத்திரம்.

இதே பழக்கம் விளையாட்டு மைதானத்துக்குள்ளும் புகுந்திருக்கின்றது. ஊர்க் கழகத்துக்கு ஜேர்சியும் பந்தும் வாங்கிக் கொடுப்பவர், அணி வெளியூர் போகும்போது வேனுக்கு எண்ணெய் அடித்துக் கொடுப்பவர், கடைசியில் தலைவர் பதவியையும் ஏற்றுக் கொள்பவர் நம்மைப் போன்ற ஒரு வியாபாரிதான். மாலைதீவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ ஒரு கழகம் மகனை அழைக்கும்போது, பயணச்சீட்டுக்கும் கைச்செலவுக்கும் காசு தேடுபவரும் ஒரு சிறு வியாபாரியான தகப்பன்தான். எனவே உதைபந்தாட்ட வீரரின் ஒப்பந்தம் விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடும் விடயமல்ல. அது வர்த்தகப் பக்கத்துக்கும் உரியது.

எழுத்தின் அருமை அலுவிகாரைக்குப் புதிதல்ல. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் இவ்வூரின் கற்குகை விகாரையில்தான் ஏட்டில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. பஞ்சத்திலும் போரிலும் மனனம் செய்தவர்கள் மறைந்துவிட்டால் எல்லாமே போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைக்கும்படி பணிக்கும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீண்டது என்பதும் நாம் அறிந்ததே. அறிந்திருந்தும் எழுதாமல் விடுவதால் வரும் நட்டம் எவ்வளவு என்பதை உதைபந்தாட்ட உலகம் தெளிவாகக் காட்டுகின்றது.

யார் தொழில்முறை வீரர்?

சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனமான பீபாவின் ஒழுங்குவிதிகள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன. கழகத்துடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். விளையாடுவதற்காக அவர் செலவிடும் தொகையை விடக் கூடுதலான கொடுப்பனவும் அவருக்குக் கிடைக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் அவர் தொழில்முறை வீரர். இல்லாவிட்டால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் பொழுதுபோக்கு வீரர் மட்டுமே.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். மாதம் ஒரு லட்சம் ரூபா தருவதாகக் கழகம் வாயால் வாக்களிக்கின்றது. வீரரும் மூன்று மாதம் விளையாடுகின்றார். காசு வரவில்லை. அவர் பீபாவிடம் போனால் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "உமது ஒப்பந்தம் எங்கே?" என்பதுதான். பத்திரம் இல்லையென்றால், அவர் தொழில்முறை வீரர் என்பதையே நிலைநாட்ட முடியாமல் போகின்றது.

ஐந்து வருடம் போராடிய பொஸ்மன்

வீரர்களின் ஒப்பந்த உரிமை பற்றிப் பேசும்போது ஜீன் மார்க் பொஸ்மன் என்ற பெல்ஜிய வீரரைத் தவிர்க்க முடியாது. லீஜ் நகரக் கழகத்துடனான அவரது ஒப்பந்தம் 1990 ஜூனில் முடிவுக்கு வந்தது. மாதம் 120,000 பெல்ஜிய பிராங் பெற்று வந்தவருக்கு, புதிய ஒப்பந்தத்தில் 30,000 பிராங் மாத்திரமே தருவதாகக் கழகம் கூறியது. அவர் மறுத்து, பிரான்சின் டன்கர்க் கழகத்துக்குச் செல்ல முயன்றார். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் இடமாற்றுக் கட்டணம் கேட்கும் வழக்கம் அப்போது இருந்தது. டன்கர்க் கழகத்தால் பணம் செலுத்த முடியுமா என்று லீஜ் கழகம் சந்தேகப்பட்டதால் அந்த இடமாற்றம் நடக்கவில்லை. பொஸ்மன் இரு பக்கமும் இன்றி நடுத்தெருவில் நின்றார்.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 1995 டிசம்பர் 15ஆம் திகதி தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வெளியானது. ஒப்பந்தம் முடிந்த வீரரை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே கட்டணம் கேட்டு மறித்து வைக்க முடியாது என்று ஆனது. பிற்காலத்தில் கோடிக் கணக்கில் சம்பாதித்த நட்சத்திரங்கள் பலரும் அத்தீர்ப்பின் பயனை அனுபவித்தவர்கள். ஆனால் வழக்குத் தொடுத்தவரின் விளையாட்டு வாழ்வின் சிறந்த ஐந்து வருடங்கள் நீதிமன்றப் படிக்கட்டிலேயே கழிந்துவிட்டன. உரிமை இருப்பது ஒரு விடயம். அது உரிய நேரத்தில் கையில் வந்து சேர்வது வேறு விடயம். கடன் வழக்குப் பேசிய எந்த வியாபாரிக்கும் இது விளங்கும்.

செலவில்லாத ஒரு மன்றம்

அத்தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஆணைக்குழுவுடன் நடந்த பேச்சுவார்த்தைகளைத் தொடர்ந்து 2001இல் பீபா தனது இடமாற்ற விதிகளைத் திருத்தியது. பிணக்குத் தீர்வு மன்றம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. வீரர்கள் தரப்புப் பிரதிநிதிகளும் கழகங்கள் தரப்புப் பிரதிநிதிகளும் சம அளவில் அதில் அமர்கின்றனர். 2021 ஒக்டோபர் முதல் இது பீபாவின் உதைபந்தாட்ட நியாய சபையின் ஓர் அங்கமாக இயங்கி வருகின்றது. இங்கு முறைப்பாடு செய்யும் வீரரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. சட்டத்தரணி கட்டாயமும் இல்லை. ஆயினும் விடயம் தெரிந்த ஒருவரின் துணையோடு செய்வதே புத்தி.

நமது பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விதிகள் சில உண்டு.

முதலாவது, இம்மன்றம் சர்வதேசத் தன்மையுள்ள பிணக்குகளுக்கு உரியது. அதாவது மாலைதீவுக் கழகத்தில் இலங்கை வீரர், இந்தியக் கழகத்தில் ஆபிரிக்க வீரர் போன்றவை. உள்நாட்டு வீரருக்கும் உள்நாட்டுக் கழகத்துக்கும் இடையிலான பிரச்சினையை உள்நாட்டிலேயே பேசித் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது, சம்பளம் வரவில்லை என்றவுடன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது. ஆகக் குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நியாயமின்றி நிலுவையாக இருக்க வேண்டும். வீரர் அதை எழுத்தில் கேட்டு, பணம் செலுத்தக் குறைந்தது 15 நாள் அவகாசமும் கொடுக்க வேண்டும். அதன் பின்னரும் கழகம் கொடுக்காவிட்டால்தான் தகுந்த காரணத்துடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இந்த விதி வழி செய்கின்றது. 2018இல் சேர்க்கப்பட்ட விதி இது. அந்தக் கடிதத்தை அனுப்பாமல் கோபத்தில் வெளியேறிய வீரர், காசு வாங்க வேண்டியவராக இருந்தும் ஒப்பந்தத்தை மீறியவராக மாறிவிடும் ஆபத்து இருக்கின்றது.

மூன்றாவது, ஒப்பந்தத்தை முறிக்காமல் நிலுவையை மாத்திரம் கேட்கவும் முடியும். 30 நாளுக்கு மேல் தாமதமான தொகைக்கு, குறைந்தது 10 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்தால் போதுமானது.

நான்காவது, காலக்கெடு. பிணக்கு எழுந்து இரண்டு வருடம் கடந்துவிட்டால் பீபா அதனை விசாரிக்காது. "பாவம், நல்ல மனிதர்கள், எப்படியும் தருவார்கள்" என்று காத்திருந்து கெட்டவர்களுக்கு அந்த வாசல் மூடப்பட்டுவிடும்.

ஐந்தாவது, மொழி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் முறைப்பாட்டைச் சமர்ப்பிக்கலாம். ஒப்பந்தம் அரபியிலோ திவேஹியிலோ இருந்தால் அதன் மொழிபெயர்ப்பும் தேவை.

தீர்ப்பு வந்தும் கழகம் 45 நாளுக்குள் பணம் செலுத்தாவிட்டால், புதிய வீரர்களைப் பதிவு செய்ய அதற்குத் தடை விதிக்கப்படலாம். அத்தடை தொடர்ச்சியாக மூன்று பதிவுக் காலங்கள் வரை நீடிக்கலாம். கழகத்துக்கு வலிக்கும் இடம் இதுதான். கடையைப் பூட்டாமல், புதிய சரக்கு இறக்க முடியாமல் செய்வதைப் போன்றது இது. தீர்ப்பை ஏற்காத தரப்பு, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றத்தில் 21 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கே செலவு அதிகம்.

கணக்கு எப்படிப் பார்ப்பார்கள்?

உதாரணத்துக்கு ஒரு வீரர் மாதம் 1,000 டொலர் வீதம் பத்து மாத ஒப்பந்தம் செய்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அடுத்த இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. முறைப்படி அறிவித்தல் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கின்றார். அவருக்கு நிலுவை 2,000 டொலர். எஞ்சிய நான்கு மாதத்தின் பெறுமதி 4,000 டொலர். அந்த நான்கு மாதமும் அவர் வேறொரு கழகத்தில் மாதம் 600 டொலருக்கு விளையாடினால், அந்த 2,400 டொலரும் கழிக்கப்படும். மீதி 1,600. ஆக 3,600 டொலரும் அதற்குரிய வட்டியும் என்பது பொதுவான கணக்கு. சில சந்தர்ப்பங்களில் மேலதிக நட்டஈடும் கிடைக்கும். ஒப்பந்தத்தில் தொகையும் திகதியும் தெளிவாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கையே போட முடியாது.

கொல்கத்தாவில் நடந்தது

இவ்விடயத்தில் வியாபாரிகளுக்கு அதிக படிப்பினை தருவது நமது பக்கத்து நாட்டில், கொல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் நடந்த சம்பவமாகும். 2018இல் குவெஸ் என்ற நிறுவனம் முதலீட்டாளராக வந்து பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் விளையாட்டு நின்றபோது, தவிர்க்க முடியாத அனர்த்தம் என்ற காரணத்தைக் காட்டி, மாத இறுதியோடு வீரர்களின் ஒப்பந்தங்கள் முடிவதாக அறிவிக்கப்பட்டது. பலரின் ஒப்பந்தங்களில் இன்னும் காலம் மீதமிருந்தது. குவெஸ் அவ்வருடமே விலகிச் சென்றது.

இந்திய வீரர்கள் தமது உதைபந்தாட்ட வீரர் சங்கத்தை நாடினர். பைச்சுங் பூட்டியா தலைமையில் 2006இல் ஆரம்பிக்கப்பட்ட சங்கம் அது. கொஸ்டாரிகாவின் உலகக் கிண்ண வீரர் ஜொனி அகொஸ்டா தனது நிலுவைக்காக பீபாவிடம் சென்றார். 2021 ஜூனில் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழுந்தது. ஏறக்குறைய அதே நாட்களில், ஸ்லோவேனிய வீரர் மடெய் பொப்லட்னிக்கின் நிலுவை தொடர்பாகக் கேரளா பிளாஸ்டர்ஸ் கழகமும் தடைக்கு உள்ளானது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒப்பந்தங்களை முடித்த முதலீட்டாளர் போய்விட்டார். கடன் மாத்திரம் போகவில்லை. அது கழகத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பின்னர் வந்தவர்களின் தலையில் இறங்கியது. ஒரு கடையை அதன் பெயரோடு வாங்குபவர் பழைய கொப்பியைப் பார்க்காமல் வாங்கினால் என்ன நடக்குமோ அதுவே அங்கும் நடந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 2020இல் ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் புதிய முதலீட்டாளராக வந்தது. ஆரம்ப உடன்பாடு கையொப்பமானது. இறுதி ஒப்பந்தத்தில் கழகத்தினர் கையொப்பமிட மறுத்தனர். இழுபறியிலேயே காலம் கடந்து 2022இல் அந்நிறுவனமும் விலகியது. நூற்றாண்டு கண்ட கழகமும் பெரும் நிறுவனமும் கூட, பத்திரத்தை முடிக்காமல் பயணத்தைத் தொடங்கியதால் இரு தரப்பும் சிரமப்பட்டன.

நமது நாட்டில் நிலைமை என்ன?

தொழில்முறை உதைபந்தாட்டத்துக்கான முயற்சியாக 2021இல் பத்துக் கழகங்களுடன் சுப்பர் லீக் தொடங்கியது. மலையகத்திலிருந்து நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் கழகமும் அதில் இடம்பெற்றது. 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் அத்தடை நீங்கியது. நிர்வாகிகளின் சண்டையில் அடிபடுவது வீரரின் அடுப்பு என்பதை அந்த மாதங்கள் காட்டின. தேசிய அணித் தலைவராக இருந்த கோல் காப்பாளர் சுஜான் பெரேரா போன்றவர்கள் மாலைதீவுக் கழகங்களில் விளையாடியுள்ளனர். அவர்களைப் பார்த்து இளைஞர்களும் கடல் கடந்து செல்ல விரும்புவது இயல்பே.

உள்நாட்டில் கழகத்துக்கும் வீரருக்கும் பிணக்கு வந்தால் சில வழிகள் உண்டு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, வாய்மூல ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் ஊழியராகக் கருதப்படலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தான் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஊழியர்தான் என்பதை வீரர் நிரூபிக்க வேண்டும். மெச்சுக்கு மெச் கையில் காசு வாங்கியவருக்கு அது இலகுவல்ல. வசதி குறைந்தவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். சிறு தொகைப் பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கின்றது.

வியாபாரிகளுக்கும் பயன்படும் ஒரு தகவல்: 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தின்படி எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடத்துக்குள் வழக்கிடலாம். வாய்மூல ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். கடையில் கொடுத்த சரக்கின் விலைக்கும் கூலிக்கும் பொதுவாக ஒரே வருடம்தான். ஒரு கடதாசித் துண்டும் ஒரு கையொப்பமும் நமது உரிமைக்கு எத்தனை வருட ஆயுளைக் கூட்டுகின்றன என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக் கொள்ளலாம். மின்னஞ்சல் போன்ற இலத்திரனியல் ஆவணங்களையும் 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அங்கீகரிக்கின்றது. ஆகவே சம்பளம் பற்றிய செய்திகளைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட வேண்டாம்.

மகனை அனுப்பும் தகப்பனுக்கு

விமானம் ஏறுமுன் இரு தரப்பும் கையொப்பமிட்ட பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். சம்பளம் எந்த நாணயத்தில், எந்தத் திகதியில், தங்குமிடம், பயணச்சீட்டு, காயமடைந்தால் மருத்துவச் செலவு யாருக்கு என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "பதிவுக்கு ஒரு பத்திரம், நமக்குள் வேறொரு தொகை" என்ற பேச்சுக்கு இணங்கக் கூடாது. பிணக்கு வரும் நாளில் குறைந்த தொகைப் பத்திரமே வெளியே வரும். வெற்றுத் தாளில் கையொப்பம் வேண்டவே வேண்டாம். முகவர் என்று சொல்பவர் பீபாவின் உரிமம் பெற்றவரா என்பதை அதன் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேற்பட முடியாது. சர்வதேச இடமாற்றத்துக்கும் சில விதிவிலக்குகள் தவிர அவர்களுக்கு அனுமதியில்லை.

கழகத்துக்கு அனுசரணை கொடுப்பவருக்கு

உங்கள் கழகம் கம்பனியாகவோ தனிச் சட்ட ஆளுமை கொண்ட அமைப்பாகவோ பதியப்படாத வெறும் சங்கமாக இருந்தால், வீரருடனான பத்திரத்தில் தலைவராகக் கையொப்பமிடும் உங்கள்மீதே வழக்கு வரக்கூடும். அனுசரணை வேறு, பொறுப்பு வேறு. எவ்வளவு தொகை, எந்தக் காலம் வரை என்பதைக் கழகத்துடன் எழுதிக்கொண்டு, வீரர்களின் சம்பளத்துக்கு நீங்கள் பிணையா இல்லையா என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். வியாபாரம் மந்தமாகி அனுசரணையை நிறுத்த நேர்ந்தால், முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். ஒரு பருவத்துக்கான காசு கையில் இல்லாமல் ஒரு பருவத்துக்கு வீரரை ஒப்பந்தம் செய்ய இடமளிக்க வேண்டாம்.

உதைபந்தாட்ட வீரரின் உழைக்கும் காலம் மிகக் குறுகியது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் களத்தில் நிற்பவர் சிலரே. நமது கடைக்கு வர வேண்டிய காசு இரண்டு வருடம் தாமதித்தால் சமாளித்துக்கொள்ள ஏதாவது வழியிருக்கும். அவருக்கு இரண்டு வருடம் என்பது முழு உழைப்பில் ஐந்திலொரு பங்காகவும் இருக்கலாம். பீபா மன்றமும் தொழில் நியாய சபையும் சட்ட உதவி ஆணைக்குழுவும் அவருக்குக் கைகொடுக்கத் தயாராக இருந்தாலும், அவை பற்றிப் பிடிப்பதற்கு ஒரு பத்திரம் வேண்டும். அதை எழுதிக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் பல ஊர்களில் நாம்தான். அடுத்த பருவத்துக்கு அணி சேர்க்கும் கூட்டத்தில், ஜேர்சியின் நிறத்தைத் தீர்மானிக்கும் முன்னர் ஒப்பந்தத்தை மேசையில் வையுங்கள்.